முடியை வளர்க்காத சடை

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு நைஜீரிய அக்காவுக்கு மகள் தலையைப் பின்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். மகள் தரையில் தலையணை போட்டு, அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் வால்சீப்பு, தண்ணீர் ஸ்பிரே, ஒரு டப்பா ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு). வகிடு வகிடாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டினாற்போல் பின்னிக்கொண்டே போவார். இதற்கு அமெரிக்காவில் 'கார்ன்ரோ', சோள வரிசை என்று பெயர். கரீபியத் தீவுகளில் 'கேன்ரோ', கரும்பு வரிசை. பின்னி முடித்தால் ஆறு வாரத்துக்குச் சீப்பு தலையில் படாது. அந்த ஆறு வாரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி தோலுக்குள்ளேயே சுருளத் தொடங்கிவிடுகிறது; அது முளைக்கும் குழியே வளைந்திருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டம். ரிப்பனை முறுக்கினால் திரும்பும் இடங்களில் மடிப்பு விழுகிறதே, அதுபோல இந்த முடியிலும் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பலவீனமான இடம். சீப்பு இழுக்கும்போது அங்கேதான் அறும். போதாததற்கு, தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழிந்து இறங்குவதுபோல் சுருளில் இறங்காது. வேரில் பிசுக்கு இருக்கும்போதே நுனி காய்ந்து நாராகக் கிடக்கும்.

முடி மாதம் ஒரு செ.மீ. அளவுக்கு வளர்கிறது. நுனியில் அதே அளவு ஒடிந்துகொண்டிருந்தால், வருஷக்கணக்கில் தோள் தாண்டாது. "எனக்கு முடியே வளராது" என்று பலர் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். பின்னல் இதில் செலவை, அதாவது ஒடிவதை மட்டும் குறைக்கிறது: சீப்பு இல்லை, சிக்கு இல்லை, சட்டைக் காலரில் உரசல் இல்லை. வேருக்கு அது எதையும் ஊட்டுவதில்லை. இறுக்கிப் பின்னினால் முடி வளரும் என்று நம்மூர்ப் பாட்டிகள் சொல்வதும் உண்மையில்லை.

பின்னல் அவிழாமல் நிற்க இறுக்கத்துக்கு அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. படகுக் கயிற்றைக் கட்டையில் மூன்று சுற்று சுற்றிவிட்டால் ஒரு கையாலேயே படகைப் பிடித்து நிறுத்தலாம். உராய்வுக் கெழு, அதாவது கயிறும் கட்டையும் உரசிப் பிடிக்கும் அளவு, 0.25 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் பிடிப்பு ஏறத்தாழ 5 மடங்கு, இரண்டில் 23, மூன்றில் 110-க்கும் மேல். பின்னலின் ஒவ்வொரு காலும் மற்றக் கால்களைச் சுற்றிப் போகும்போது இதே பெருக்கல்தான் நடக்கிறது. சுருள்முடி ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால் பல சமயம் நுனிக்கு ரப்பர் பேண்டுகூட வேண்டாம். சவுரி சேர்த்துப் பின்னினால் மட்டும் நுனியைக் கொதிநீரில் முக்குவார்கள். கனெகலான் போன்ற செயற்கை இழை சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

ஈரத்தில் பின்னுவதில் ஒரு வினை உண்டு. தண்ணீர் பட்டதும் முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுக்கொடுக்க, முடி நீளும். அப்படியே இழுத்துப் பின்னிவிட்டால், காயும்போது அது பழைய சுருளுக்குத் திரும்பப் பார்த்து வேரை இழுக்கும். அதனால் அக்கா ஈரத்தில் சிக்கெடுத்து, முக்கால்வாசி காய்ந்த பிறகே பின்னத் தொடங்குவார்.

வேர் இழுபட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது 1907-லேயே பதிவாகியிருக்கிறது. முடியை இறுக்கி முடிந்த கிரீன்லாந்துப் பெண்களுக்கு முன்நெற்றி ஓரம் வழுக்கை விழுந்தது. முதலில் வலி, பிறகு நெற்றியோரம் சின்னச் சின்னப் பருக்கள். அப்போதே தளர்த்தினால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் இழுத்தால் குழி தழும்பாகி மூடிவிடும். படுத்தால் தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அந்த ராத்திரியே அவிழ்த்துவிடுவது நல்லது.

ஆறு வாரம் கழித்து முதல் தடவை அவிழ்த்தபோது கையோடு வந்த முடிப்பந்தைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். தினம் 50 முதல் 100 முடி எல்லார் தலையிலும் உதிர்கிறது. இங்கே அது விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே தங்கிவிட்டது. 42 நாளுக்கு 2,100 முதல் 4,200 வரை. அக்கா பதறவில்லை. நாலைந்து முடியை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் வேரோடு தானாக உதிர்ந்தது, இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது.