உப்பின் பின்னே போகும் நீர்

வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது, அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், பிரியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே நாம் சமையலில் சேர்க்கும் சோடியம் குளோரைடு படிகமாகிறது. அதையும் வாரி எடுத்த பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் சல்பேட்டும் செறிந்து கிடக்கின்றன. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் நடந்து வந்தவர்கள் அள்ளிய உப்புக்கும், நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கிடைக்கும் மக்னீசியம் சல்பேட்டுக்கும் வேண்டிய அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், எல்லாம் இந்த ஒரே கடல்நீரில் இருக்கின்றன. ஆனால், குடலுக்குள் சென்றதும் முதலாவது நீரை உடலுக்குள் இழுத்துச் செல்ல உதவுகிறது. இரண்டாவது நீரைக் குடலிலேயே தேக்கிப் பேதியாக வெளியேற்றுகிறது. எந்த அயனிக்குக் குடற்சுவர் வழிவிடுகிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

நீர் பொதுவாகத் தானாக ஒரு திசையில் செல்வதில்லை. கரைந்த பொருள் எந்தப் பக்கம் மிகுதியாகச் சேருகிறதோ அந்தப் பக்கம், சவ்வூடு பரவலால், அதைப் பின்தொடர்கிறது. எனவே குடலிலிருந்து நீரை உறிஞ்ச வேண்டுமானால் முதலில் சோடியத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். சிறுகுடற்சுவரின் ஒவ்வொரு செல்லிலும், இரத்தத்தை நோக்கிய பக்கத்தில், மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே எடுக்கும் புரதம் ஒன்று ஓயாமல் இயங்குகிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ இந்தப் புரதத்தைப் பற்றி 1957-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 1997-இல் நோபல் பரிசு பெற்றார். பள்ளமான வயலிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் வாய்க்கால் நீர் மேலும் மேலும் அதற்குள் பாய்வதுபோல, செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாக வைக்கப்படுவதால் குடலில் உள்ள சோடியம் உள்ளே வர முனைகிறது. அதற்கு வழிவிடும் கடத்திப் புரதங்களில் முதன்மையான ஒன்று விதிக்கும் நிபந்தனைதான் மருத்துவத்தையே மாற்றியது: இரண்டு சோடிய அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் அது அவற்றை உள்ளே விடும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிச் சேர்ந்தே உள்ளே செல்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரக் கருத்தரங்கில் முன்வைத்தார்; இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு பின்னர் தெளிவானது.

காலரா நச்சு குடற்செல்களின் குளோரைடு வாயில்களை மூடவிடாமல் செய்கிறது; குளோரைடு குடலுக்குள் கொட்ட, அதன் பின்னே சோடியமும் நீரும் வெளியேறுகின்றன. ஆயினும் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்துக் கடத்தும் அந்தப் புரதத்தை நச்சு தொடுவதில்லை. வெறும் உப்புநீர் பயன் தராத நோயாளிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் பயன் தருவது இதனால்தான். 1971-இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில், நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த அளவின்படி, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் உள்ளன. எடையில் வேறுபட்டாலும், துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் மில்லிமோல் அலகில், இதில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 என்று சரிசமமாக இருக்கின்றன. சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டினால், உறிஞ்சப்படாத சர்க்கரை நீரைத் திரும்பக் குடலுக்குள் இழுத்துப் பேதியை மிகுவிக்கும். காரைக்காலில் 2022 ஜூலையில் வயிற்றுப்போக்கு பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள், ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைப்பது எவ்வளவு தவறு என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். டெல்டாவின் வீடுகளில் வயிற்றுப்போக்கின்போது கொடுக்கப்படும் உப்பிட்ட அரிசிக் கஞ்சியிலும் இதே வேதியியல்தான் உள்ளது. மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக உடைந்து சோடியத்துக்குத் துணையாகிறது.

சல்பேட்டின் கதை நேர்மாறானது. அதை உறிஞ்சும் கடத்திகள் குடலில் இருந்தாலும் அவற்றின் திறன் சிறியது; பல கிராம் அளவில் விழுங்கப்படும் சல்பேட் பெரும்பாலும் குடலிலேயே தங்கி, தனக்குரிய நீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. பேதி உப்பில் மக்னீசியமும் மெதுவாகவே உறிஞ்சப்படுவதால் விளைவு இன்னும் வலுக்கிறது. இந்தப் பண்பை மிக நுட்பமாகப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்க மருத்துவர் ஜான் ஃபோர்ட்ரானின் குழுவினர். பெருங்குடலை உட்காட்டிக் கருவியால் பார்ப்பதற்கு முன் குடலைக் கழுவ வேண்டும். ஆனால் உடல் நீரை இழக்கவும் கூடாது, பெறவும் கூடாது. 1980-இல் அவர்கள் வெளியிட்ட, குடல் உறிஞ்சாத பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் கலந்த கரைசலில், சோடியத்தின் பெரும்பகுதிக்குக் குளோரைடுக்குப் பதிலாகச் சல்பேட்டே துணையாக வைக்கப்பட்டது. உறிஞ்சப்படாத துணையை விட்டு சோடியம் எளிதில் பிரிந்து செல்ல முடியாது. எனவே லிட்டர் கணக்கில் குடித்தாலும் உடலின் உப்புச் சமநிலை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது.

அதே மக்னீசியம் சல்பேட்டை ஊசியாகச் செலுத்தினால் குடல் என்ற தடையே இல்லை. அப்போது மக்னீசியம் இரத்தத்தில் கலந்து, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் வலிப்பைத் தடுக்கிறது. ஏறத்தாழ 10,000 பெண்கள் பங்கேற்று 2002-இல் முடிவுகள் வெளியான மேக்பை ஆய்வில் வலிப்பு ஏற்படும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஊசி போடும் செவிலியர் முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்ப்பதற்குக் காரணம், மக்னீசியம் மிகும்போது மூச்சு தளர்வதற்கு முன்பே அந்த அனிச்சை மறைந்துவிடும் என்பதே.

சல்பேட்டை வெறும் பேதி மருந்தாக மட்டும் எண்ணுவது அதற்கு இழைக்கும் அநீதி. உணவுப் புரதத்திலுள்ள மெத்தியோனின், சிஸ்டீன் ஆகியவற்றின் கந்தகத்திலிருந்து உடலே சல்பேட்டைத் தயாரிக்கிறது. நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் ஒரு பகுதியோடு கல்லீரல் சல்பேட்டை இணைத்துச் சிறுநீரில் அனுப்புகிறது. மூட்டுக் குருத்தெலும்பில் அது காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்னும் நீண்ட சங்கிலியில் கட்டுண்டிருக்கிறது. நகர முடியாத அந்த எதிர்மின்னூட்டங்கள் சோடியத்தைத் தம்மருகே ஈர்க்க, சோடியம் நீரை ஈர்க்க, குருத்தெலும்பு உப்பி நிற்கிறது. குறுவை நடவில் நாள் முழுதும் குனிந்து நிமிரும் பெண்ணின் முழங்காலில் எடையைத் தாங்குவதில் இந்த நீரின் அழுத்தத்துக்கும் பெரும் பங்கு உண்டு. மூட்டுத் தேய்வில் இந்தச் சங்கிலிகள் குறையும்போது அவற்றோடு சோடியமும் குறைகிறது. சோடிய அணுக்கருவின் சைகையைப் படிக்கும் தனிவகை எம்.ஆர்.ஐ. வருடல் ஆய்வுகளில் இந்தக் குறைவைப் படமாகவே காண முடிகிறது.