விசுவாசம்: சொல்லின் வேரும் நம்பிக்கை என்னும் தமிழும்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரக் குடியிருப்புக்குள் கடல் புகுந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கரையோர வீடுகளை மூழ்கடித்தது. இரண்டு நாள்களிலும் சென்னையின் எல்லாச் சமயத்தாரிடமும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: “கடவுளே, உனக்குக் கண் இல்லையா?” அப்படிக் கேட்டவர்களைப் பார்த்து “விசுவாசம் குறைந்துவிட்டது” என்று சிலர் கடிந்துகொள்வதுண்டு. அந்தக் கண்டிப்பு நியாயமானதுதானா என்பதை அறிய, முதலில் விசுவாசம் என்ற சொல் எதைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

விசுவாசம் வடசொல். ‘விஷ்வாஸ’ என்பதில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும் மெய்மயக்கம் தமிழ் நாவுக்கு ஒவ்வாமையால், இடையில் உகரம் பெற்று விசுவாசம் ஆயிற்று. ‘வி’ என்னும் முன்னொட்டும், மூச்சுவிடுதல் என்னும் பொருளுடைய ‘ஷ்வஸ்’ என்னும் வேரும் சேர்ந்தது அது. நாம் அன்றாடம் சொல்லும் சுவாசமும் அதே வேரில் பிறந்தது. தடையின்றி மூச்சுவிடுதல், அச்சம் நீங்கியிருத்தல் என்பது அவ்வினையின் முதற்பொருள். யார்முன் மூச்சை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லையோ அவரைப் பற்றி நிற்றல் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. பணிவோ கீழ்ப்படிதலோ அந்த வேரில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழக்கிலோ பொருள் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. எஜமான விசுவாசம், கட்சி விசுவாசம், நாயின் விசுவாசம் என்று வழங்கும்போது, உண்ட சோற்றுக்கு நன்றி மறவாமையையும் எதிர்த்துப் பேசாமையையுமே அது குறிக்கிறது. கடவுளைக் கேள்வி கேட்பவர் விசுவாசம் இழந்தவர் என்று தோன்றுவதற்கு இந்தச் சாயலே பெரிதும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கிறித்தவர்களிடையே இச்சொல் வேரூன்றியதற்கு விவிலிய மொழிபெயர்ப்பே காரணம். சீர்திருத்தச் சபையினரின் (புராட்டஸ்தாந்தினரின்) பழைய மொழிபெயர்ப்பில் “விசுவாசம், நம்பிக்கை, அன்பு” என வரும் மூன்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் “நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு” என நிற்கின்றன. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த நம்பிக்கை பின்னதில் முதலிடத்துக்கு நகர்ந்தது. காலியான இடத்துக்கு எதிர்நோக்கு என்ற சொல் வந்தது. ஆகவே விசுவாசத்துக்கு ஈடாக நம்பிக்கையை எடுப்பவர், வரப்போகும் நன்மையைக் காத்திருத்தலை எதிர்நோக்கு என்று பிரித்தெழுதினால் குழப்பம் நேராது. இசுலாமியத் தமிழர் வழங்கும் ஈமான் என்னும் அரபுச் சொல்லுக்கும் இறைநம்பிக்கை என்பது பொருந்தும். பாதுகாப்பு, அச்சமின்மை என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது வருவதால், வடசொல்லின் முதற்பொருளுக்கு அருகில் நிற்கிறது.

நம்பிக்கை தமிழ்ச் சொல், வினைப்பகுதி ‘நம்பு’. இதன் பழம்பொருளைத் தொல்காப்பிய உரியியல் “நம்பும் மேவும் நசையா கும்மே” என்று சொல்கிறது. நசை என்பது விருப்பம், நாட்டம். இன்று ஐயமற்ற உறுதியைக் குறிக்கும் சொல், தொடக்கத்தில் ஒன்றின்மேல் மனம் சென்று பற்றுவதைக் குறித்திருக்கிறது. தேவாரத்தில் சிவபெருமான் நம்பன் என அழைக்கப்படும்போது, விரும்பப்படுபவன், பற்றத் தக்கவன் என்னும் இரு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. உறுதி குலையலாம், நாட்டம் அவ்வளவு எளிதில் போவதில்லை. துன்பத்தில் ‘ஏன்’ என்று கேட்பவரின் உறுதி ஆட்டம் கண்டிருக்கலாம், ஆனால் கேள்வியை யாரிடம் கொண்டுபோகிறார் என்பதில் அவருடைய நசை தெரிகிறது. இப்பொருளுக்கு விசுவாசத்தைவிட நம்பிக்கையே தகுந்த சொல் என்று நான் கொள்வது இதனால்தான்.

இதற்குச் சென்னை மண்ணிலேயே சான்று உண்டு. திருவொற்றியூரில் தம் மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், அதை மீறி ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணிரண்டும் இழந்தார் என்பது வரலாறு. (நம்பியாரூரர் என்ற அவர் பெயரிலுள்ள ‘நம்பி’, நங்கை என்பதன் ஆண்பால் இணை, நம்புதலோடு அதை ஒட்டவைக்க வேண்டியதில்லை.) பிழை தன்னுடையது என்று அறிந்தும் அவர் வாய் மூடவில்லை. திருமுல்லைவாயிலில் “சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப” என்று முறையிட்டு, படுதுயர் களைய வேண்டினார். திருவெண்பாக்கத்தில் கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்க, “உளோம் போகீர்” என்ற ஒட்டாத விடையும் ஊன்றுகோலுமே கிடைத்தன. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது; கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டுள்ளது. காஞ்சியில் ஒரு கண் பெற்றபின்னும் அவர் ஆறவில்லை. “மீளா அடிமை உமக்கே ஆளாய்” என்று தொடங்கி, அடியார் தம் அல்லலைச் சொன்னால் வாளா இருப்பீரோ என்று கேட்டு, “வாழ்ந்து போதீரே” என்று திருவாரூர்ப் பெருமானிடமே முடித்தார். நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துபோம் என்னும் இந்தச் சொல் வசை போல ஒலிப்பது. அதைச் சைவர்கள் திருமுறைக்குள் வைத்து ஓதிவருகிறார்கள். கோபம் நம்பிக்கைக்குப் பகை என்று அவர்கள் கருதியிருந்தால் அப்பதிகம் நமக்குக் கிடைத்திராது.

எதிர்ச்சொற்களிலும் கவனம் வேண்டும். அவிசுவாசம் என்பதற்கு நேரான தமிழ் நம்பிக்கையின்மை. கேள்வி எழுப்பும் மனநிலைக்கு உரிய சொல் ஐயம். இரண்டும் ஒன்றல்ல. மயிலாப்பூரையடுத்த சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் இயேசுவின் சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணித் தழும்பைக் காணாமல் நம்பமாட்டேன் என்றவர்; அவர் கேட்ட சான்று காயத்தின் சான்று. அவரைச் ‘சந்தேகத் தோமா’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அதே யோவான் நற்செய்தியில் “என் ஆண்டவரே, என் கடவுளே” என்று வாய்விட்டுச் சொல்பவரும் அவர்தான். மாற்கு நற்செய்தியில் நோயுற்ற மகனின் தந்தை, நம்புகிறேன் என்று கூறிய அதே மூச்சில் என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று மன்றாடுகிறார். ஒரே மனத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும் அந்நிலைக்குத் தனிச்சொல் ஆக்க வேண்டியதில்லை; ‘ஐயத்தோடு கூடிய நம்பிக்கை’ என்று விரித்தெழுதினாலே போதும். துயரத்தில் இருப்பவரைப் பற்றி எழுதுகையில் ‘விசுவாசம் இழந்தார்’ என்னும் தொடரைத் தவிர்த்து, அவர் சொன்னது இன்னதென்று தெரிந்தால் ‘ஐயுற்றார்’, ‘முறையிட்டார்’, ‘கோபித்தார்’ என்று அதற்குரிய வினையையே இடலாம்.