குறைபாடா, வேறுபாடா?

தெருக்கோடி வீட்டு ஆச்சி தலைசுற்றலுக்காகக் காரைக்குடியில் ஸ்கேன் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டோடு, யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு தாளும் இருந்தது: "கழுத்து நரம்பில் பிறவிக் குறைபாடு". முகப்பில் உட்கார்ந்து அதை நீட்டினார். "எழுபத்திரண்டு வருசமாத் தெரியாத குறைபாடா தம்பி?"

ரிப்போர்ட்டில் இருந்த சொல் 'வேரியன்ட்'. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முள்ளெலும்புத் தமனி வழக்கமாகக் கைக்குப் போகும் தமனியிலிருந்து கிளைக்கும். ஆச்சிக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலிருந்தே நேராகப் புறப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 100 பேரில் 5 பேருக்கு அப்படித்தான். (நரம்பு வேறு, தமனி வேறு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

வேரியன்ட், வேரியேஷன் எல்லாம் லத்தீன் 'வாரியஸ்' வழி வந்தவை. பலவகைப்பட்ட, பல நிறமான என்று பொருள். அதில் குறை எங்கே இருக்கிறது?

'குறைபாடு' அறியாமையில் வந்தது, விட்டுவிடலாம். எனக்கு எரிச்சல், வேரியன்ட்டுக்குத் தமிழாகப் படித்தவர்கள் எழுதும் 'பிறழ்வு' மேல்தான். சொல் பிறழ்ந்தான், நெறி பிறழ்ந்தான், மனப்பிறழ்வு என்கிறோம். சரியான வழி ஒன்று இருந்து, அதிலிருந்து வழுவினால்தான் பிறழ்வு. மூளைக்கு அடியில் உள்ள தமனி வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாமஸ் வில்லிஸ் 1664இல் விளக்கியது. அவர் பெயரிலேயே வழங்குகிறது. பாடநூல் படத்தில் உள்ளதுபோல் அது முழுசாக அமைவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒருவருக்கு இணைப்புத் தமனி நூலாக மெலிந்திருக்கும், இன்னொருவருக்கு இருக்கவே இருக்காது. இத்தனை பேரையும் பிறழ்ந்தவர்கள் என்பதா?

'திரிபு' எனக்குப் பிடித்த சொல்தான். இலக்கணத்தில், இரு சொற்கள் சேரும்போது நேரும் மாற்றம், அதாவது புணர்ச்சி விகாரம், தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று. தமனி கூடுதலாக இருப்பது, இடம் மாறிக் கிளைப்பது, இல்லாமல் போவது மூன்றும் அச்சாக அதில் பொருந்தும். ஆனால் ஆச்சியிடம் 'தமனித் திரிபு' என்றால் திரிந்த பால்தான் நினைவுக்கு வரும். 'விகாரம்' என்றால் கேட்கவே வேண்டாம். 'மாறுபாடு' பரவாயில்லை, ஆனால் முன்பு ஒரு மாதிரி இருந்து பிறகு மாறியதாகத் தொனிக்கிறது. இது கருவிலேயே அமைந்தது.

ஆகவே 'அமைப்பு வேறுபாடு'. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்ற வரிசை எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒன்றுதான். கிணறு மட்டும் வீட்டுக்கு வீடு இடம் மாறும். அதை யாரும் வீட்டின் குறை என்பதில்லை. தூர் வார வருகிறவருக்குத்தான் இடம் தெரிய வேண்டும். இதுவும் கழுத்தில் அறுவை செய்பவருக்கும், ஆஞ்சியோவுக்குக் குழாய் விடுபவருக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டிய சங்கதி.

தாளில் 'குறைபாடு' என்பதை அடித்துத் திருத்திக் கொடுத்தேன். "அப்ப தலைசுத்தல்?" என்றார் ஆச்சி. அதற்கு டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.