கோப்பை சின்னதுதான், ஆனால் அலாரம் நாலு மணிக்கு

சில வருடங்களுக்கு முன் மாமாவின் கொலோனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) குடலைச் சுத்தப்படுத்த நான்கு லிட்டர் மருந்து குடிக்கச் சொன்னார்கள். மூன்றாவது லிட்டரில் "போதும்டா சாமி" என்று ஜக்கைத் தள்ளிவிட்டார். போன மாதம் அத்தைக்குக் கொடுத்தது இரண்டே பாக்கெட். ஒன்றை 150 மில்லிலிட்டர் தண்ணீரில் கலக்கியதும் கோப்பை சுட்டது. "அடுப்பிலேயே வைக்கலையே!" என்றார் அத்தை.

பாக்கெட்டில் மெக்னீசியம் ஆக்சைடும் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து மெக்னீசியம் சிட்ரேட் ஆகும்போது வருகிற சூடுதான் அது. ஆறவிட்டுக் குடிக்கலாம். குடல் இந்த உப்பை அவ்வளவாக உறிஞ்சாது. அது உள்ளேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். கூடவே இருக்கும் சோடியம் பிக்கோசல்ஃபேட் பெருங்குடல் பாக்டீரியா உடைத்த பிறகுதான் வேலையைக் காட்டும். குடலைத் தூண்டிப் பிழியவைக்கும்.

பழைய நான்கு லிட்டர் கதை வேறு. அதிலுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால், தன்னோடு வந்த தண்ணீரை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். உப்புகளும் ஈடாக இருப்பதால் உடம்போடு பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. மழை நாளில் லோங்காங் (வடிகால்) ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டு போகும். அதையே இரண்டு லிட்டராக, ஒரு லிட்டராகக் குறைக்க வைட்டமின் சி கைகொடுத்தது: அளவுக்கு மிஞ்சிப் போட்டால் உறிஞ்சப்படாத மிச்சம் தண்ணீரை இழுக்கும். (ஜி-6-பிடி என்ற, இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.)

ஆக, ஜக்கில் குறைந்த தண்ணீரை உடம்பு கொடுக்கிறது. அதை நாம் குடித்து ஈடுகட்ட வேண்டும். பால் இல்லாத தே ஓ, கோப்பி ஓ சரி. ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங் கூடாது, பால் ஒரு பக்கம், அந்தச் சிவப்பு கேமராவில் இரத்தம் மாதிரித் தெரியும். நார்ச்சத்து கூடாது என்பதால், தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையும் அந்த வாரம் ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பில் தேங்கிவிடும், அவர்களுக்கு இந்தச் சின்னக் கோப்பை ஒத்துவராது.

அத்தையின் பெரிய குறை, இரண்டாவது பாக்கெட்டுக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பியது. ராத்திரியே முடித்தால் என்ன? சிறுகுடல் தூங்குவதில்லையே! பித்தம் கலந்த பிசுபிசுப்பை இரவெல்லாம் பெருங்குடலின் வலப்பக்கத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டையான பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைத் திரட்சி) அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் சோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு மீதியைக் குடிக்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், எத்தனை லிட்டர் என்பதைவிட இந்த அலாரம் முக்கியம்.

ஆறரை மணிக்குக் கழிப்பறையிலிருந்து குரல் வந்தது: "வெறும் மஞ்சத் தண்ணிதான் வருது, சரியா?"

அடி தெரிகிற தெளிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். அப்புறம் டாக்சிக்குச் சொன்னோம்.