லாஸ்பேட்டையில் காத்திருப்பவர்களுக்கு

என்னிடம் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த கடலூர்ப் பையன் அவன். சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் பறக்கும் பயிற்சி. சேர்வராயன் மலையைத் தவிர்த்து ஆத்தூர் வழியாகச் சுற்றினாலும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். "மூணரைக்குள்ள இறங்கிடுவேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தான். அப்பா, அம்மா, அத்தை, தங்கை என ஒரு கார் நிறைய ஆட்கள் லாஸ்பேட்டை விமான நிலைய வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

செப்டம்பர் மாதம். காலையில் கிளம்ப வேண்டியவர்கள், எரிபொருள் தாமதமானதால் இரண்டே காலுக்குத்தான் ஏறினோம். கள்ளக்குறிச்சி தாண்டும் வரை நல்ல வெளிச்சம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதை முந்தின நாளே வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டிருந்தோம்: அங்கே வரும்போது விழுப்புரம் பக்கம் தெளிவாகத் தெரியாவிட்டால் திரும்பிவிடுவது என்று.

தெரியவில்லை. அடிப்பாகம் மைக்கறுப்பாக, நாங்கள் சிபி என்று சொல்லும் ஒரு இடிமேகம், அதிலிருந்து தரைவரை சாம்பல் நிறத்தில் மழை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். "சார், அந்த கேப்ல போயிடலாம் சார்" என்றான். விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான யோக்கை இறுக்கிப் பிடித்ததில் அவன் நகங்கள் வெளுத்திருந்தன. அந்தப் பிடி மேகத்துக்காக இல்லை, வேலியோரம் நிற்பவர்களுக்காக.

திரும்பினோம். மேற்குக் காற்று எதிர்த்ததால் சேலம் வர இன்னும் அதிக நேரம் பிடித்தது. திரும்பி வருவதற்கும், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் எரிபொருள் போட்டிருந்ததால் கவலையில்லை. போனை எடுத்தால் ஒன்பது மிஸ்டு கால். "இங்க வெயில்தானே அடிக்குது, ஏன் திரும்பிட்டீங்க?" என்று அப்பா கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். மேகம் பண்ருட்டிப் பக்கம் ஒதுங்கிவிட்டது, லாஸ்பேட்டையில் அன்று ஒரு சொட்டு விழவில்லை. அப்படியும் நாங்கள் திரும்பியது சரியே. கடற்கரையில் நிற்பவருக்குத் தெரியும் வானம் வேறு, நடுவழியில் விமானி பார்க்கும் வானம் வேறு.

தானே, ஃபெஞ்சல் மாதிரிப் புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவார்கள், யாரும் பறக்க மாட்டார்கள். எனக்குக் கவலை சாதாரண மதியங்கள்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்மாவட்டங்களில் வெயிலில் கிளம்பும் இடிமேகங்கள் மேற்குக் காற்றோடு மாலையில் கரைப் பக்கம் நகர்ந்து வரும். வடகிழக்குப் பருவத்தில் கதையே வேறு, நம் கரையில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் கொட்டும். மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்று தோராயமாகக் கணக்கிடவும் வழி உண்டு. வெப்பநிலை 32, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) 26 என்றால் வித்தியாசம் 6. டிகிரிக்கு 400 அடி வீதம் 2,400 அடி. மலை தாண்டி வருகிறவனுக்கு இது போதாது.

மேகத்துக்குள் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்குச் சராசரியாக 178 வினாடி ஆனது. மூன்று நிமிடம்கூட இல்லை! உள்காது "நேராகத்தான் போகிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், விமானமோ சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும்.

வணிக விமானி உரிமத்துக்கு 300 கடல்மைல் கிராஸ் கன்ட்ரி கட்டாயம். உங்கள் பிள்ளையும் ஒருநாள் போவான். தயவுசெய்து "எத்தனை மணிக்கு வருவே" என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு ஊரில் இறங்கிவிட்டேன் என்று போன் வந்தால், சரி, சாப்பிட்டியா என்று கேளுங்கள். அவன் இறங்கிப் போன் செய்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும். கடலூரிலிருந்து லாஸ்பேட்டைக்கு முக்கால் மணி நேரம். விமானத்தைக் கட்டிவைத்து, எழுத்து வேலையை முடித்து அவன் வெளியே வரவும் அவ்வளவு நேரம் ஆகும்.