அணையாத சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2012இல் வாங்கியது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் போதும், பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு விடாமல் எரியும். உள்ளே கரகரவென்று சத்தம். மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். "பழசாயிடுச்சு, எடைக்குப் போட்டுடலாம்" என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. அது ஹார்ட் டிஸ்க் ஓடுவதைக் காட்டும் விளக்கு. நான் எதையும் சேமிக்காதபோது அது ஏன் ஓடவேண்டும்?

எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் சும்மா இருந்தது. திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம், 2 ஜிபியும் நிரம்பி வழிந்தது. ரேமில் இடம் தீர்ந்தால், அப்போதைக்குத் தேவைப்படாத பகுதியை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதிவைக்கும். அதை நாம் மறுபடி கேட்டால், வேறொன்றை வெளியே தள்ளிவிட்டு இதை உள்ளே கொண்டுவரும். இந்த அலைச்சல்தான் தாமதம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோவினாடி. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர 10 மில்லிவினாடிக்கு மேல். அதாவது லட்சம் மடங்கு. ரேமுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்குக்கு ஒரு பகலும் இரவும் தாண்டிவிடும்.

ரேமில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1க்கு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி, அவ்வளவுதான். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டுக்கு 1966இல் தோன்றிய யோசனை இது. 1968இல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, குறைந்ததை மறுபடி நிரப்பியாக வேண்டும். 4 ஜிபி ரேமில் 3,400 கோடிக்கு மேல் குடங்கள். நாம் டீ குடிக்க எழுந்து போனாலும் வினாடிக்குப் பதினைந்து தடவை, ஒன்று விடாமல், அந்த வேலை நடக்கிறது. கரண்ட் போனால் எல்லாம் வற்றிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

சரி, எந்த ரேம் வாங்குவது? பழையதைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி3 என்று தொடங்கினால் அது டிடிஆர்3, அதாவது டிடிஆர் வகை ரேமில் மூன்றாம் தலைமுறை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலுமே 240 பின்தான், ஆனால் அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று 1.8 வோல்ட், மற்றது 1.5 வோல்ட் என்பதால், மாற்றிச் செருகிவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மதர்போர்டு எத்தனை ஜிபி வரை தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. ரேமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும்; 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகளே 429 கோடிதான், அதாவது 4 ஜிபி. என்னிடம் 64 பிட் விண்டோஸ் இருந்ததால் நான் இரண்டு 4 ஜிபி வாங்கினேன். ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் பிராசசர் இரண்டோடும் ஒரே நேரத்தில் பேசும். தகவல் போய்வரும் 64 பிட் பாதை 128 ஆகும்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரமே சிப்பைக் கெடுத்துவிடும். உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அழுத்தியதில் ஒரு முனை சரியாக இறங்கவில்லை. ஆன் செய்தால் பீப், பீப். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரலாலும் இரு முனைகளையும் நன்றாக அழுத்தினேன். டக்கென்று கிளிப் தானாக ஏறிக்கொண்டது.

திரையில் 8192 எம்பி. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தேன். சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்தது.