பாதியில் விட்ட வேலை பின்னாலேயே வரும்

"கான்சன்ட்ரேஷனே இல்ல மேடம், மாத்திரை ஏதாவது இருக்கா?" சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் சோழிங்கநல்லூர், சிறுசேரி ஐ.டி. ஊழியர்கள். மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை. நேற்று காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்ன செய்தீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

ஒருவர் சொன்ன பதில் இப்படி இருந்தது: புரோகிராம் கோடிங்கைத் திறந்தேன். டீம்ஸ் சாட்டில் டீம் லீட் ஒரு சந்தேகம் கேட்டார். அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணி லாரி வரவில்லை என்று சண்டை. மறுபடி கோடிங். அதற்குள் டீமின் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் கால். அதிலும் மியூட் போட்டுவிட்டு மெயில் பார்த்தேன்.

இதில் மூளைக்கோளாறு எங்கே இருக்கிறது? ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் பணிபுரியும் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார். அதற்குக் கைமருந்து மாதிரி ஒன்றை 2018இல் தெரசா க்ளோம்புடன் சேர்ந்து சோதித்தார்: அடுத்த வேலைக்குப் போகும் முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் எதில் தொடங்க வேண்டும் என்று சுருக்கமாகக் குறித்து வைப்பது. 'பில்லிங்கில் தேதி செக் பாக்கி. வந்ததும் டெஸ்ட் ஓட்டணும்.' இவ்வளவு போதும். நான் சொல்லும் யோசனைகளில், வருபவர்கள் விடாமல் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான்.

போனை மேசையில் வைத்திருந்தாலே, அது சத்தமே போடாவிட்டாலும் சிந்தனைத் திறன் குறைகிறது என்றது 2017இல் வந்த டெக்சாஸ் ஆய்வு. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டுமே, பையில் போட்டு வைக்க காசா பணமா? யாரும் கூப்பிடாமலே நாமாகப் போய் எட்டிப் பார்ப்பதும் நிறைய நடக்கிறதே.

பழி முழுவதையும் ஊழியர் தலையில் போடுவதும் எனக்குப் பிடிக்காது. 'ஃபோகஸ்' பற்றிப் பேச வாருங்கள் என்று கம்பெனிகள் கூப்பிடும். போனால், உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மடியில் லேப்டாப்போடு மேனேஜருக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் ஒரு மணி நேரம் பதில் தாமதமாக வரலாம் என்று டீமுக்குள் பேசி வைத்துக்கொண்டால் என் பேச்சுக்கே அவசியம் இருக்காது.

நைட் ஷிப்ட்டில் தூக்கம் கெட்டிருந்தால் இதெல்லாம் எடுபடாது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். சின்ன வயதிலிருந்தே எதிலும் நிலைக்க முடியாமல் தவித்தவர்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாடு இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்து கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.